ஒரு சிலிண்டரில் மட்டும் வாயுச் சூடு கூடுவது ஏன்?

கேள்வி: நான்கு சிலிண்டர் லைக்கமிங் விமான எஞ்சினில், சீரான பறப்பின்போது மூன்றாம் சிலிண்டரின் வெளியேற்ற வாயு வெப்பநிலை திடீரென ஏறத்தாழ 60 டிகிரி ஃபாரன்ஹீட் கூடி அங்கேயே நிற்கிறது, சிலிண்டர் தலைச் சூடோ சற்றுக் குறைகிறது. வெளியேற்ற வால்வு பழுதாகிவிட்டதா?

பதில் 1: முதலில் ஸ்பார்க் பிளக்குகளைச் சோதியுங்கள். சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகள் இருப்பதால், ஒன்று செயலிழந்தாலும் எஞ்சின் ஓடும். ஆனால் எரிதல் தாமதமாவதால், வால்வு திறக்கும் நேரத்திலும் வாயு கூடுதல் சூட்டோடு வெளியேறுகிறது. தரையில் மேக்னெட்டோக்களை (பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் கருவிகள்) ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். நல்ல பிளக்குக்குரியதை அணைத்தவுடன் அந்தச் சிலிண்டரின் வாயுச் சூடு மட்டும் சரிந்துவிடும்.

பதில் 2: மேலே சொன்னது சரி. வால்வு கசியத் தொடங்கினால், வாயுச் சூடு ஒரே இடத்தில் நிற்காமல், வால்வு மெல்லச் சுழல்வதற்கேற்ப ஏறி இறங்கும். ஆயினும் போர்ஸ்கோப்பால் (சிலிண்டருக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய கேமரா) வால்வின் முகத்தைப் பார்த்துவிடுவது நல்லது: விளிம்பின் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருந்தால் அங்கே சூடு கசிகிறது. அழுத்தச் சோதனையின் எண்ணை மட்டும் நம்பிச் சிலிண்டரைக் கழற்றவே கூடாது.

பதில் 3: இதற்கு நேர்மாறாக, தலைச் சூடு விரைந்து ஏற, வாயுச் சூடு இறங்கினால், அது முன்னெரிதலாக (தீப்பொறி வருமுன்பே கலவை பற்றிக்கொள்வது) இருக்கலாம். ஆராய்ந்துகொண்டிராமல் உடனே த்ராட்டிலைக் குறைத்து, எரிபொருள் கலவையைச் செறிவாக்குங்கள்.