கேப் மே போய் வந்தவர்கள் உதவுங்கள்

அடுத்த மாதம் அம்மாவை நியூ ஜெர்சியில் உள்ள கேப் மேக்குக் கூட்டிப் போகிறேன். 1878 தீவிபத்தில் ஊரின் பெரும்பகுதி எரிந்து போனது. அப்புறம் எழுந்த விக்டோரியன் (விக்டோரியா ராணி காலத்துப் பாணி) மர வீடுகளுக்காகவே 1976-இல் ஊரையே தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். பெர்ரி தெருவின் ரோஸ் நிற வீட்டுப் படத்தை அம்மா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். வராந்தா முழுக்க லேஸ் பின்னியது போல வெள்ளை மரவேலை!

அம்மாவுக்கு மூட்டு வலி, அதிகம் நடக்க முடியாது. காரை எங்கே நிறுத்தினால் நடை குறையும்? வழியில் உட்கார பெஞ்சுகள் உண்டா? 1879-இல் கட்டிய எம்லன் ஃபிசிக் மாளிகையில் மாடிப்படி ஏறியே ஆக வேண்டுமா? அம்மா ஒரு வீட்டையாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.