புதுப்பிப்பு: காட்டுப்பூண்டு முட்டைப் பொரியல்

இங்கிலாந்தில் ஓடையோரம் பறித்த காட்டுப்பூண்டு இலையைப் போட்ட முட்டைப் பொரியல் நீர்த்துப்போனது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். ஈர இலையை வெங்காயத்தோடு நெடுநேரம் வதக்கிய என் தவறுதான் காரணம். நேற்று இலையைத் துணியில் ஒற்றி, நறுக்கி, முட்டை பாதி வெந்ததும் தூவி, அரை நிமிடத்தில் இறக்கினேன். மணம் அப்படியே நின்றது. மிளகுத்தூள் போதும், பச்சை மிளகாய் வேண்டாம்.

காட்டுப்பூண்டு இலையை அடையாளம் காண ‘முகர்ந்து பார்த்தால் போதும்’ என்று அப்போது எழுதியதையும் திருத்துகிறேன். நாலு இலை கிள்ளியதும் விரலே பூண்டாக மணக்கிறது. பிறகு எதை முகர்ந்தாலும் பூண்டுதான்! நேற்றைய பிடியில் சேம்புக் குடும்பத்து நச்சுச் செடியின் இளம் இலை ஒன்று கலந்திருந்தது. காட்டுப்பூண்டு இலையில் இல்லாத, வலைபோல் பின்னிய நரம்புகள் காட்டிக்கொடுத்தன. இப்போது ஒவ்வோர் இலையாகப் பார்த்தே பறிக்கிறேன்.