மண்டபத்துக்குச் செய்த ஸ்லைடு வாட்ஸ்அப்பில் புரியவில்லை, வாட்ஸ்அப்புக்குச் செய்தது மண்டபத்தில் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

காவிரிக்கரை:

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் சிறிய அமைப்பு ஒன்றில் வேலை பார்க்கிறேன். குறுவைக்கு முன்னால் ஊர் ஊராகக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போடுவோம். தலைப்பு திருந்திய நெல் சாகுபடி. கூட்டம் முடிந்ததும் அதே ஸ்லைடுகளைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுக்களில் போடுவோம். வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

முன்பு எல்லா விவரத்தையும் ஸ்லைடிலேயே எழுதி வைத்திருந்தோம். பின்வரிசையில் இருந்தவர்கள் "தம்பி, ஒரு எழுத்தும் தெரியலை" என்று குரல் கொடுத்தார்கள். சரி என்று எழுத்தைக் குறைத்துப் படங்களாக மாற்றினோம். மண்டபத்தில் நன்றாகப் போனது. ஆனால் பிடிஎஃப் பார்த்தவர்கள் "வெறும் நாற்றுப் படத்தைப் போட்டிருக்கீங்க, என்ன செய்யணும்னு எங்க இருக்கு?" என்று கேட்கிறார்கள். மேலிடத்துக்கும் இதே கோப்புதான் போகிறது. அவர்களுக்கும் இது போதவில்லை.

திரை சுமார் 2 மீட்டர் உயரம். கடைசி வரிசை 20 மீட்டர் தள்ளி. பவர்பாயிண்ட், 16:9 அளவு, எழுத்து 18 முதல் 20 வரை. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே கோப்பு செய்ய வழி இருக்கிறதா? எழுத்தை 24 ஆக்கினால் சரியாகிவிடுமா?

கடைசிவரிசை:

24 போதாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம்.

16:9 ஸ்லைடு பவர்பாயிண்டில் 7.5 அங்குல உயரம், அதாவது 540 பாயிண்ட் (எழுத்தளவின் அலகு, அங்குலத்துக்கு 72). அது 2 மீட்டர் திரையில் விழும்போது 1 பாயிண்ட் சுமார் 3.7 மி.மீ. ஆகிறது. 18 பாயிண்ட் எழுத்துக்கு 67 மி.மீ. கிடைக்கும். ஆனால் அது மேல்கொம்பு, கீழ்ச்சுழி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கிய இடம். எழுத்தின் உடல் அதில் பாதிதான் இருக்கும், கிட்டத்தட்ட 33 மி.மீ. கண் மருத்துவர் அட்டையில் இயல்பான பார்வைக்கான 6/6 வரி என்பது கண்ணில் 5 ஆர்க் நிமிடக் கோணம் (ஆர்க் நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). 20 மீட்டரில் அது 29 மி.மீ. ஆக, நல்ல பார்வை உள்ளவர் கண்ணைச் சுருக்கி எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடிய எல்லையில் உங்கள் 18 நிற்கிறது. கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள். அந்த மண்டபத்துக்கு 32-க்குக் கீழே போகாதீர்கள். முக்கியமான எண் என்றால் 60, 80 கூட வைக்கலாம்.

கணக்கு வேண்டாம் என்றால் இப்படிச் சோதித்துப் பாருங்கள். உங்கள் தூரம் திரை உயரத்தைப் போல 10 மடங்கு. மடிக்கணினியில் ஸ்லைடு முழுத்திரையில் சுமார் 19 செ.மீ. உயரம் இருக்கும். அதை மேசையில் வைத்துவிட்டு இரண்டு மீட்டர் பின்னால் போய் நின்று படியுங்கள். கடைசி வரிசைக்காரருக்கு அவ்வளவுதான் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், போனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு 16:9 ஸ்லைடைப் பார்த்தால் அது 7 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரம்தான் வரும். 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் ஏறக்குறைய அதே விகிதம். உங்கள் வாட்ஸ்அப் வாசகரும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மடிக்கணினியில் செய்கிற நமக்கு மட்டும்தான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

காவிரிக்கரை:

நன்றி அண்ணா. இரண்டு மீட்டர் சோதனை செய்து பார்த்தேன், பாதி ஸ்லைடு தெரியவில்லை. ஆனால் 32 வைத்தால் ஒரு ஸ்லைடில் அதிக விவரம் அடங்காது. தமிழ்ச் சொற்கள் வேறு நீளம். விவரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பக்கஎண்:

வாயில் வையுங்கள்.

கிண்டலாகச் சொல்லவில்லை. மேடையில் நீங்கள் நிற்கிறீர்கள், வாக்கியம் உங்களிடமிருந்து வருகிறது. திரை அதற்குச் சாட்சி சொன்னால் போதும். வாசிப்பவர் அருகில் நீங்கள் இல்லை, அதனால் வாக்கியம் முழுதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒரே கோப்பு இரண்டையும் செய்ய முயன்றால் நடுவில் ஏதோ ஒன்றாக முடியும், பேச்சுக்கும் இடைஞ்சல், வாசிப்புக்கும் அரைகுறை. பேசுவதை அப்படியே திரையிலும் எழுதிக்காட்டினால் புரிதல் குறைகிறது என்பதை ஜான் ஸ்வெல்லர், ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். மண்டபத்தில் கூடக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் இரண்டாவது வரியில் இருக்கும்போது படிக்கத் தெரிந்தவர் ஏழாவது வரியை முடித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் பேசிக்கொண்டிருப்பார்.

உங்கள் பழைய ஸ்லைடு ஒன்றை அப்படியே இங்கே போடுங்கள், பார்ப்போம்.

காவிரிக்கரை:

இதுதான், வரிக்கு வரி:

திருந்திய நெல் சாகுபடி – முக்கியத் தொழில்நுட்பங்கள்
ஏக்கருக்கு 3 கிலோ விதை
ஏக்கருக்கு 1 சென்ட் நாற்றங்கால்
14 நாள் வயதுடைய இளம் நாற்று
குத்துக்கு ஒரு நாற்று
22.5 × 22.5 செ.மீ. சதுர நடவு
10 நாள் இடைவெளியில் களைக்கருவி உருட்டுதல்
நீர் மறைய நீர் கட்டுதல்

பக்கஎண்:

இது மேடைக்கும் ஆகாது, வாசிப்புக்கும் ஆகாது. பேசுகிறவருக்கான குறிப்புச் சீட்டு இது. உங்கள் சட்டைப் பையில் இருக்க வேண்டியதைத் திரையில் போட்டிருக்கிறீர்கள்.

மேடைக்கு: நாற்றைப் பற்றிய இரண்டு வரியை மட்டும் எடுங்கள். உள்ளங்கையில் ஒரே ஒரு நாற்று, வேரோடு. திரை முழுக்க அந்தப் படம். மேலே "14 நாள்" என்று இரண்டே சொல். வேறு எதுவும் வேண்டாம், தலைப்பும் வேண்டாம். ஏன் 14 நாள் என்பதை நீங்கள் சொல்லுங்கள். அடுத்த ஸ்லைடில் நான்கு மூலையில் நான்கு குத்து, பக்கத்துக்கு 22.5 என்று எழுதிய ஒரு சதுரம். அதற்கடுத்ததில் களைக்கருவி போகும் அம்புக்குறி, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. ஒரு ஸ்லைடு இருந்த இடத்தில் ஏழெட்டு வரும். ஸ்லைடு எண்ணிக்கை கூடுகிறதே என்று பயப்படாதீர்கள், பேசும் நேரம் கூடாது.

வாசிப்புக்கு: ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பே முழு வாக்கியமாக இருக்கட்டும். "நாற்றை 14 நாளில் பறித்து நட்டுவிடுங்கள்." கீழே காரணம்: நான்காவது இலை விடுவதற்குள் நட்டால் தூர் கட்டும் (அடியிலிருந்து பக்கக் கிளைகள் விடும்) திறன் குறையாமல் இருக்கும், வயது கூடக் கூட அது போய்விடும். அடுத்த பக்கம், "சதுரமாக நட்டால்தான் களைக்கருவியை இரு பக்கமும் ஓட்ட முடியும்." தலைப்புகளை மட்டும் ஓட்டிப் படித்தாலே என்ன செய்ய வேண்டும் என்று விளங்கிவிட வேண்டும். "முக்கியத் தொழில்நுட்பங்கள்" என்ற தலைப்பைப் படித்து யாரும் எதையும் நட முடியாது.

தாளடி:

இரண்டு கோப்பு வைத்தால் ஒன்றில் திருத்தியதை இன்னொன்றில் மறந்துவிடுவீர்கள். மண்டபத்தில் ஒரு விதை அளவு, பிடிஎஃப்பில் வேறு அளவு என்று ஆகிவிடும். பவர்பாயிண்டிலேயே வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை.

ஒரே கோப்பில் மேடை ஸ்லைடுகளும் வாசிப்பு ஸ்லைடுகளும் அடுத்தடுத்து இருக்கட்டும். ஸ்லைட் ஷோ தாவலில் கஸ்டம் ஸ்லைட் ஷோ என்று இருக்கும். அதில் "மேடை" என்று ஒரு பட்டியல், "வாசிப்பு" என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் முதல் பட்டியலை ஓட்டலாம். பிடிஎஃப் ஆகச் சேமிக்கும்போது ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தினால் எந்தெந்த ஸ்லைடு என்று கேட்கும் இடத்தில் கஸ்டம் ஷோவும் இருக்கும், அங்கே "வாசிப்பு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்லைடை மறைத்து வைக்கும் ஹைட் வசதியை இதோடு கலக்காதீர்கள். மறைத்த ஸ்லைடு பட்டியலில் இருந்தாலும் ஓட்டும்போது தாவிப் போய்விடும்.

கடைசிவரிசை:

தாளடி சொன்னது மேலிடத்துக்கு அனுப்ப நல்ல வழி, அவர்கள் கணினியில் பார்ப்பார்கள். போனுக்கு உதவாது. பவர்பாயிண்டில் ஒரு கோப்புக்கு ஒரே அளவுதான், பாதி ஸ்லைடைப் படுக்கையாகவும் பாதியை நிமிர்த்தியும் வைக்க முடியாது. வாட்ஸ்அப்புக்குத் தனியாக நிமிர்ந்த பக்கம் செய்வதுதான் என் கருத்து. அதற்கு ஸ்லைடே தேவையில்லை, வேர்டில் செய்தாலும் போதும்.

ஆனால் ஏ4 வேண்டாம். ஏ4 அகலம் 595 பாயிண்ட், அது 7 செ.மீ. போன் திரையில் சுருங்கினால் 12 பாயிண்ட் எழுத்து 1.4 மி.மீ. ஆகிவிடும். பக்க அளவை ஏ5 ஆக்கி எழுத்தை 14 வையுங்கள், 2.3 மி.மீ. கிடைக்கும். விரலால் பெரிதாக்காமல் படிக்கலாம். அச்செடுத்துக் கையில் கொடுக்கவும் ஏ5 தோது.

தாளடி:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எண்கள் மூன்று இடத்தில் இருக்கப் போகின்றன, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஒளிபெருக்கி:

மண்டபங்களுக்குத் திரையும் புரொஜெக்டரும் வாடகைக்கு விடுகிறவன் நான். எழுத்தின் அளவை எல்லாரும் பேசிவிட்டார்கள், வெளிச்சத்தை யாரும் சொல்லவில்லை. புரொஜெக்டரில் கறுப்பு என்று ஒன்று கிடையாது. விளக்கு படாத வெள்ளைத் திரைதான் அங்கே கறுப்பு. மண்டபத்தில் ஜன்னல் திறந்திருந்தால் அதுவும் சாம்பல் நிறம்தான். மடிக்கணினியில் அழகாகத் தெரியும் இளஞ்சாம்பல் எழுத்து, மெல்லிய கோடு, வெளிர்பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து எல்லாம் பகல் கூட்டத்தில் காணாமல் போகும். பகலில் வெள்ளைப் பின்னணியும் அடர்ந்த தடித்த எழுத்தும்தான் எடுபடும்.

இன்னொன்று. கல்யாண மண்டபத்தில் தரை சமமாக இருக்கும், நாற்காலி வரிசை உயராது. திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். கீழே எழுதாதீர்கள். அமைப்பின் பெயர், சின்னம், தொலைபேசி எண் போன்ற யாருக்கும் அவசரமில்லாத சங்கதிகளை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி.

ஒன்று, மண்டபத்துக் கணினியில் திறந்தால் சில ஸ்லைடுகளில் தமிழ் போய் ஆங்கில எழுத்துகளாக வருகிறது. இரண்டு, வரி ஒன்றன்பின் ஒன்றாக வரும்படி அனிமேஷன் வைத்த ஸ்லைடு பிடிஎஃப்பில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வருகிறது. அப்புறம், மேலிடத்தில் "அறிக்கை எல்லாம் வேண்டாம், ஸ்லைடாகவே அனுப்புங்கள்" என்கிறார்கள். அதற்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

வரிவடிவம்:

முதலாவது பாமினி மாதிரியான பழைய எழுத்துரு. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துருதான் தமிழ் வேஷம் போடுகிறது. அது இல்லாத கணினியில் வேஷம் கலைகிறது. அந்த ஸ்லைடுகளை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிவிடுங்கள், இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய உண்டு. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள், ஒற்றும் கொம்பும் சில இடத்தில் பிசகும். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐ என்ற யூனிகோடு எழுத்துரு கூடவே வருகிறது, பிரச்சினை இல்லை. வேறு எழுத்துரு பிடித்திருந்தால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கச் சொல்லிவிடுங்கள். வரி இடைவெளியை 1.2 வைத்தால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் இகரக் கொம்பும் முட்டாது.

இரண்டாவது, பிடிஎஃப்புக்கு அனிமேஷன் தெரியாது. படிப்படியாக வரவேண்டியது எல்லாம் ஒரே பக்கத்தில் கொட்டப்படும். ஸ்லைடை நகலெடுத்து ஒவ்வொரு படியையும் தனி ஸ்லைடு ஆக்குங்கள். மேடையில் அதே மாதிரிதான் தெரியும், பொத்தான் அழுத்துவதும் அதே எண்ணிக்கைதான்.

பக்கஎண்:

மேலிடத்துக்கு ஒரு சம்பவம் சொல்லலாம், சொல்லும் தைரியம் இருந்தால். 2003-இல் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்த கொலம்பியா விண்கல விபத்து. புறப்படும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் மதிப்பிட்டதை ஸ்லைடுகளாகத்தான் மேலே கொடுத்தார்கள். சோதனையில் பயன்பட்ட துண்டு 3 கன அங்குலம், மோதியதாக மதிப்பிட்டது 1920 கன அங்குலம். அந்த ஒப்பீடு ஒரு ஸ்லைடின் அடியில், பொடி எழுத்தில் கடைசி வரியாகக் கிடந்தது. தலைப்போ நிலைமை பாதுகாப்பானது என்ற தோரணையில் இருந்தது. தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக ஸ்லைடுகளையே நம்பும் பழக்கத்தை விசாரணைக் குழு தன் அறிக்கையில் குறையாகவே குறித்தது.

சொல்ல முடியாவிட்டால், "வாசிப்பு" ஸ்லைடுகளையே அனுப்பிவிடுங்கள். 16:9 வடிவில், ஒரு பக்கத்துக்கு ஒரு வாக்கியத் தலைப்பு, கீழே இரண்டு பத்தி, பக்கத்தில் ஒரு படம். மேசையில் வைத்துப் படிப்பதால் அங்கே 16, 18 பாயிண்ட் தாராளம். பார்ப்பதற்கு ஸ்லைடு, படிப்பதற்கு அறிக்கை. அவர்களுக்கும் திருப்தி.

காவிரிக்கரை:

அப்படியே செய்கிறேன். நாற்றுப் படம் எடுக்க ஆள் அனுப்பியிருக்கிறேன். ஒளிபெருக்கி அண்ணா, அடுத்த கூட்டத்தில் புரொஜெக்டர் இல்லையாம், எல்இடி திரை வைக்கிறார்களாம். 12 அடி அகலம், "பி4" என்று எழுதியிருக்கிறார்கள். ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஒளிபெருக்கி:

பி4 என்றால் புள்ளிக்குப் புள்ளி 4 மி.மீ. 12 அடிக்குக் குறுக்கே சுமார் 900 புள்ளிதான் வரும், உங்கள் மடிக்கணினியில் இருப்பதில் பாதி. பொடி எழுத்து உடைந்து தெரியும். 32 வைத்திருந்தால் பிழைத்துக்கொள்வீர்கள். வெள்ளைப் பின்னணியை மட்டும் அன்றைக்கு மாற்றிவிடுங்கள், எல்இடியில் முழு வெள்ளை முன்வரிசைக்காரர் கண்ணைக் கூசும். அடர்நீலத்தில் வெள்ளை எழுத்து போடுங்கள். திரை வைக்கிற பையனிடம் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைக்கச் சொல்லுங்கள், கேட்டால் குறைப்பார், கேட்காவிட்டால் முழுசாகத்தான் வைப்பார். கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உங்கள் கோப்பை ஓட்டிப் பாருங்கள்.