ஐஸுக்குக் கீழே பார்க்க எது வாங்கலாம்: கமராவா, சோனாரா?

குறுக்குத்தெரு_ரேடியோ (வெள்ளவத்தை)

வணக்கம். எனக்கு வயது 66. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் 31 வருடம் ரேடியோ, ரீவி திருத்தும் கடை வைத்திருந்தேன். இப்போது வீட்டோடு. மகள் குடும்பம் கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே பாரி நகரில் இருக்கிறது. வருகிற ஜனவரியில் போய் இரண்டு மாதம் நிற்கப் போகிறேன்.

மருமகனுக்கு ஐஸ் மீன்பிடியில் பெரிய பிரியம். போன மாரியில் என்னையும் பேரனையும் சிம்கோ ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஐஸில் துளை போட்டதும் கறுப்பாகத் தண்ணீர் ஏறி வந்தது. மேலே மிதந்த ஐஸ் தூளை வடை எடுக்கிற கண்ணகப்பை மாதிரியான ஒரு கரண்டியால் அள்ளி எறிந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அள்ளாவிட்டால் துளை திரும்ப மூடத் தொடங்கிவிடும். காலை 8 மணியில் இருந்து 2 மணி வரை இருந்தோம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பேர்ச் மீன், என் உள்ளங்கை நீளம்.

பேரனுக்கு 9 வயது. முதல் ஒரு மணித்தியாலம் துளையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். அப்புறம் காலை உதைக்கத் தொடங்கினான். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தண்ணீருக்குள் கமரா விட்டிருந்தார். அங்கே போனவன் திரும்பி வரவே இல்லை. கூப்பிடப் போன நானும் நின்றுவிட்டேன். திரையில் வரி போட்ட பேர்ச் ஒன்று வந்தது. தூண்டிலுக்கு நேரே நின்றது. வாய்க்குள் உறிஞ்சியது, அரைச் செக்கனில் துப்பியது. நான் உடனே தடியின் நுனியைப் பார்த்தேன். அது அசையவே இல்லை. அப்படியானால் எங்கள் துளைக்குக் கீழேயும் காலை முழுக்க மீன் வந்து வந்து போயிருக்கலாம், எங்களுக்குத் தெரியவில்லை. அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்த முறை அவர்களுக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுக்க ஆசை. என் கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் போதும். என் மனம் சோனார் பக்கம், அதாவது சத்தத்தை அனுப்பி எதிரொலியை வைத்து மீனைக் காட்டுகிற கருவியின் பக்கம் சாய்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு. போன மாதம் ஒரு சிசிரிவி கமராவை பிவிசி குழாய்க்குள் வைத்து, முன்னுக்குக் கண்ணாடி ஒட்டி, சிலிக்கன் பூசி, கொழும்புக்குத் தெற்கே பொல்கொடை ஏரியில் இறக்கிப் பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை, படமும் நன்றாக வந்தது. ஆனால் ஒரு மீற்றருக்குக் கீழே திரை முழுக்கத் தேயிலைச் சாயம் மாதிரி ஒரே நிறம். என் கையை முன்னால் நீட்டியபோது கை கூடத் தெரியவில்லை. சத்தத்துக்குக் கலங்கல் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை அல்லவா? நேரில் பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

சிம்கோ_குளிர் (ஒன்ராறியோ)

அண்ணை, பொல்கொடையை வைத்து சிம்கோவை அளக்காதீர்கள். 1990களில் சீப்ரா மசல் என்ற சின்னச் சிப்பி இந்த ஏரிக்குள் பரவிவிட்டது. அது தண்ணீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும். மாரியில் அலையும் இல்லை, பாசியும் குறைவு. தெற்கே ஹொலண்ட் ஆறு வந்து விழுகிற பக்கம் கலங்கல் இருக்கும். மற்ற இடங்களில் கமரா நன்றாகவே காட்டும்.

முதலில் மருமகனிடம் ஒன்று கேளுங்கள்: எத்தனை மீற்றர் ஆழத்தில் துளை போடுகிறார்? இந்த ஏரிக்கு இரண்டு முகம். தெற்கே குக்ஸ் பே என்ற குடா, களை வளர்ந்த ஆழமில்லாத தண்ணீர், பேர்ச் அங்கேதான் கூட்டமாகத் திரியும். பாரிக்கு முன்னால் கெம்பன்ஃபெல்ட் பே, 41 மீற்றர் வரை போகும். லேக் ட்ரவுட், வைற்ஃபிஷ் என்ற மீன்களைத் தேடுகிறவர்கள் ஆழத்துக்குப் போவார்கள். ட்ரவுட் அடியிலும் நிற்கும், நடுத்தண்ணீரிலும் வரும், தூண்டிலை மேலே தூக்கத் தூக்கப் பின்னாலேயே துரத்தும். அதைக் கமராவில் பிடிக்க முடியாது. கமராவை ஒரு ஆழத்தில் ஒரு திசைக்குத்தான் திருப்பி வைக்கலாம்.

நான் பாவிப்பது வெக்சிலார் கம்பனியின் வட்ட முகத்துச் சோனார். பலவீனமான எதிரொலி பச்சை, நடுத்தரம் செம்மஞ்சள், பலமானது சிவப்பு. என் தூண்டில் ஒரு மெல்லிய கோடு. மீன் வந்தால் கீழே இன்னொரு கோடு முளைக்கும், கிட்ட வர வர நிறம் மாறும். 25 மீற்றருக்குக் கீழே மீன் ஏறி வருவதை அந்தக் கணமே காண்பேன். ஒரு துளையில் ஐந்து நிமிடம் ஒன்றும் வராவிட்டால் அடுத்த துளைக்குப் போய்விடுவேன். கமராக்காரர் வயரைச் சுற்றி எடுப்பதற்குள் நான் மூன்று துளை பார்த்துவிடுவேன்.

இன்னும் இரண்டு விடயம். இங்கே வசிக்கும் 65 வயதுக்கு மேற்பட்ட கனடாக்காரருக்குத்தான் மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லை. பார்க்க வருகிற நீங்கள் 66 என்றாலும் எடுக்கத்தான் வேண்டும், ஒரு நாள் லைசென்ஸும் உண்டு. அடுத்தது ஐஸ். நடக்கக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தெளிந்த நீல ஐஸ் வேண்டும். பனி உறைந்த வெள்ளை ஐஸுக்கு அதில் பாதிப் பலம்தான். கெம்பன்ஃபெல்ட் ஆழம் என்பதால் பிந்தித்தான் உறையும். ஜனவரித் தொடக்கத்தில் பேரனைக் கூட்டிப் போவதென்றால் மருமகன் வழி நெடுக ஐஸைத் தட்டி, துளை போட்டு அளந்துகொண்டு போகட்டும்.

முகத்துவாரம்_படகு (கொழும்பு 15)

அண்ணன், நான் ஐஸைக் குளிர்பானக் கடையிலும் படகின் கிடங்கிலும் மட்டும்தான் கண்டவன். ஆனால் பலநாள் படகில் சவுண்டர் (படகில் பூட்டுகிற சோனார்) பார்த்து 19 வருடம். என் சொல் சோனார்.

மீனை மட்டும் அது காட்டுவதில்லை. தரையையும் சொல்லும். பார், அதாவது அடியில் பாறை என்றால் அடிக்கோடு தடித்து வரும், அந்த ஆழத்தின் இரண்டு மடங்கில் இன்னொரு கோடும் விழும். சேறு என்றால் கோடு மெலிந்து மங்கிவிடும். எந்த இடத்தில் சேறு முடிந்து கல் தொடங்குகிறதோ அங்கே மீன் நிற்கும். ஏரியிலும் தரை தரைதான்.

எதிரொலியில் பெரும்பங்கு மீனின் காற்றுப்பையில் இருந்து வருவது. சூரைக்குக் காற்றுப்பை இல்லை, அதனால் பெரிய கூட்டமே வந்தாலும் சவுண்டரில் மங்கல்தான். இதைப் பழகப் பல கடல் போக வேண்டியிருந்தது. உங்கள் பேர்ச்சுக்குக் காற்றுப்பை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நன்றாகவே தெரியும். கடலில் படகு ஓடுவதால் மீன் வளைவாக விழும். நீங்கள் ஒரே இடத்தில் இருப்பதால் நேர்கோடாகத்தான் விழும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

கமரா மீனைத் தேடித் தராது அண்ணன். வந்த மீனைத்தான் காட்டும்.

குறுக்குத்தெரு_ரேடியோ

தம்பிமார் இருவருக்கும் நன்றி. பேர்ச்சுக்குக் காற்றுப்பை உண்டு. போன வருடம் பிடித்த அந்த ஒன்றை மகள் வெட்டும்போது நானே பார்த்தேன், வெள்ளையாகப் பலூன் மாதிரி.

ஆழத்தை மருமகனிடம் கேட்டேன். நண்பர்களோடு போனால் 20 மீற்றருக்கு மேல். பேரனோடு போனால் தெற்குக் கரைப் பக்கம், 4 மீற்றர். சின்னவனை ஆழப் பக்கம் அவர் கொண்டுபோவதே இல்லை.

இரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோனாரின் சத்தம் கூம்பாக விரிந்துகொண்டு இறங்கும். 20 பாகை கூம்பு என்றால், எந்த ஆழத்திலும் வட்டத்தின் அகலம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 25 மீற்றரில் கிட்டத்தட்ட 9 மீற்றர் அகலம். 4 மீற்றரில் வெறும் 1.4 மீற்றர், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை அளவு. அந்த வட்டத்துக்கு வெளியே இரண்டு மீற்றர் தள்ளிப் பத்து மீன் நின்றாலும் சோனாருக்குத் தெரியாது. இதே இடத்தில் தண்ணீர் தெளிவாக இருந்தால் கமராவுக்குத் தெரியும். நான் நினைத்தது சரியா?

ஆழக்கண் (தெஹிவளை)

கணக்குச் சரி அங்கிள். நான் சுழியோடிப் படம் எடுக்கிறவள். கொழும்புக் கடலில் 30 மீற்றரில் கிடக்கும் கப்பல்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை இறங்குகிறோம், அதனால் வெளிச்சத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தண்ணீர் முதலில் குடிப்பது சிவப்பு வெளிச்சத்தை. கமராக்களில் வருகிற இன்ஃப்ரா ரெட் விளக்கு அதற்கும் முன்னால் செத்துவிடும், கையெட்டும் தூரத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம். ஆழத்தில், அதுவும் பனி மூடிய ஐஸுக்குக் கீழே, கமரா குருடு மாதிரித்தான். 4 மீற்றரில் பகல் வெளிச்சமே போதும். துளையைச் சுற்றிக் கொஞ்சம் பனியை வழித்துவிட்டால் இன்னும் வெளிச்சம் இறங்கும்.

விளக்கைப் போடும்போது கவனம். தண்ணீரில் தூசி இருந்தால் ஒவ்வொரு தூசியும் திரையில் வெள்ளைப் புள்ளியாக மினுங்கி, மீனை மறைத்துவிடும். கமராவை அடியில் முட்ட விடாதீர்கள். ஒரு தரம் சேறு கிளம்பினால் அடங்க நேரம் எடுக்கும்.

சிம்கோ_குளிர்

4 மீற்றர் என்றால் என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன் அண்ணை. பேரனோடு, பேர்ச்சுக்கு, அந்த ஆழத்துக்குக் கமராதான். பேர்ச்சுக்கு எதையும் கிட்ட வந்து பார்க்கிற குணம். சில நேரம் தூண்டிலை விட்டுக் கமராவுக்கு வந்து மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். கமராவைத் தூண்டில் துளைக்குள் விடாதீர்கள், மீன் சுழன்றால் தங்கூசி (தூண்டில் நூல்) வயரில் சிக்கும். ஒரு மீற்றர் தள்ளி இரண்டாவது துளை போட்டு, கமராவின் முகத்தைத் தூண்டில் பக்கம் திருப்பி, வயரைக் கொழுவி விடுங்கள். முகத்துவாரத் தம்பி சொன்னதும் உண்மைதான். மீன் இல்லாத இடத்தில் கமராவை இரண்டு மணித்தியாலம் விட்டுப் பயனில்லை. நாலைந்து துளையை முதலிலேயே போட்டு, ஒவ்வொன்றிலும் இறக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, களை முடிகிற ஓரம் கிடைத்ததும் அங்கே இருங்கள்.

குறுக்குத்தெரு_ரேடியோ

சரி, கமரா என்று முடிவெடுத்துவிட்டேன். இங்கிருந்து கொண்டுபோகவில்லை, மருமகன் அங்கேயே வாங்குவார், காசு நான் கொடுப்பேன். ஏழு அங்குலத் திரையும் 15 மீற்றர் வயரும் உள்ளது போதும். ஆழத்துக்கான சோனாரை அவர் பிறகு தனக்கென்று பார்த்து எடுக்கட்டும். அது நண்பர்களோடு போகிற நாளுக்கு.

பற்றரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். இந்தக் கருவிகள் பலவற்றோடு வருவது நாங்கள் யுபிஎஸ்ஸில் போடுகிற அதே 12 வோல்ற், 7 அம்பியர் மணி ஈயப் பற்றரிதான். கடும் குளிரில் அதன் கொள்ளளவு பாதி வரை இறங்கிவிடும். ஐஸின் மேல் நேரே வைக்காமல், ரெஜிஃபோம் பெட்டிக்குள் ஒரு பழைய துவாயைச் சுற்றி வைத்தால் நன்றாக நின்று பிடிக்கும். லித்தியம் போடுகிறவர்கள் பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுவந்து சூடேற விட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

ஆழம் பார்க்க ஒரு ஈயக்குண்டும் 6 மீற்றர் கயிறும் கட்டி வைத்திருக்கிறேன், அரை மீற்றருக்கு ஒரு முடிச்சு. அதை மட்டும் இங்கிருந்து கொண்டுபோகிறேன். துளை போட்டதும் பேரன் அதை இறக்கி முடிச்சை எண்ணட்டும், அப்புறம் கமராவை எவ்வளவு விடுவது என்று அவனே சொல்லட்டும்.

நேற்று வீடியோவில் பேசும்போது, அந்தப் பெரியவர் இந்த முறையும் வருவாரா என்று கேட்டான். தெரியாது என்று மட்டும் சொன்னேன். கமரா வாங்குகிற விடயம் மருமகனுக்கும் மகளுக்கும்தான் தெரியும்.