புதுப்பிப்பு: டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்கு எவ்வளவு காற்று?

டிரெய்லர் இழுக்கும் பிக்கப்புக்குக் காற்றடிக்க, ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள காற்றழுத்த எண்ணிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தேன். "டயர் பக்கவாட்டில் 80 பிஎஸ்ஐ என்று இருக்கிறதே, அதையே நிரப்பினால் என்ன?" என்று பலர் கேட்டதால் இது.

அந்த 80, டயரின் முழுச் சுமைக்கான அழுத்தம். உங்கள் வண்டியின் சுமை எவ்வளவு என்பது வாகன எடை மேடையில்தான் தெரியும். டிரெய்லரை மாட்டி, ஆட்களும் சாமான்களும் ஏறியபின் ஒவ்வொரு அச்சையும் தனியாக எடை போடுங்கள். எல்டி245/75ஆர்16 (எல்டி என்றால் லைட் டிரக் டயர்), லோட் ரேஞ்ச் இ (சுமைத் தர எழுத்து) டயர் என்று வைப்போம். எந்த அழுத்தத்தில் எவ்வளவு சுமை என்று காட்டும் டயர் அட்டவணைப்படி, ஒரு டயர் 50 பிஎஸ்ஐயில் 2,205 பவுண்டு, 65இல் 2,623, 80இல் 3,042 தாங்கும். பின் அச்சு 5,000 பவுண்டு காட்டினால் டயருக்கு 2,500. கணக்குப்படி 65 போதும்; ஆனால் இடம் வலம் எடை சமமாக இருப்பது அபூர்வம், நான் 70 வைக்கச் சொல்வேன். அட்டவணை எதைச் சொன்னாலும் கதவு எண்ணுக்குக் கீழே போகாதீர்கள்.

முன் டயர்களுக்குக் கதவு எண்ணே சரி. கொக்கியில் பாரம் ஏறினால் முன் அச்சு லேசாகத்தான் ஆகும்.

மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில் அளவு பாருங்கள். ஓடிச் சூடான டயரில் கூடுதலாகத் தெரியும் காற்றை இறக்கினால், ஆறியபின் அது குறைகாற்று டயர்: பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி, டிரெட் (சாலையைத் தொடும் மேல்பட்டை) உரியும்.

டிரெய்லரின் எஸ்டி (டிரெய்லருக்கென்றே செய்த) டயர்களுக்கு, டிரெய்லர் ஸ்டிக்கரில் உள்ள அளவு; பெரும்பாலும் அதுவே பக்கவாட்டு உச்ச அளவாக இருக்கும்.