படம் ஓடும்போது போனைத் தூக்கியவர்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

செந்தூல்காரன்:
கோலாலம்பூரில் ஒரு பேரங்காடித் தியேட்டரில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். டிக்கெட் கிழிப்பதில் ஆரம்பித்து ஹால் மேற்பார்வை வரை வந்தேன். தீபாவளிப் படங்கள் நெருங்குகின்றன, இப்போதே பேசிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன்.

தமிழ்ப் படத்தின் முதல் காட்சியில் ஹீரோ பெயர் திரையில் வந்தவுடன் ஹால் முழுக்கப் போன் வெளிச்சம்தான். விசில், கைத்தட்டல், பறக்கும் காகிதம். அவர்களில் பெரும்பாலோர் திருட வந்தவர்கள் இல்லை. சந்தோஷத்தில் தூக்குகிறார்கள், கொஞ்ச நேரத்தில் இறக்கிவிடுகிறார்கள். முழுப் படத்தையும் எடுக்க வந்தவர் அந்த நேரத்தில் போனைத் தொடவே மாட்டார். சத்தம் அடங்கட்டும் என்று காத்திருப்பார்.

எனக்கு மறக்காத ஒருவர் வார நாள் இரவுக் காட்சிக்கு வந்தார். ஹாலில் கூட்டமே இல்லை. பின்வரிசையில் நட்டநடுவே உட்கார்ந்து, பாப்கார்ன் பெட்டியைப் பக்கத்து நாற்காலிக் கைப்பிடியில் வைத்திருந்தார். நான் உள்ளே போய் வரும்போதெல்லாம் பார்க்கிறேன், அந்தப் பெட்டிக்குள் அவர் கை போகவே இல்லை. எல்லோரும் சிரிக்கிற இடத்திலும் அவர் அசையவில்லை. இருட்டில் பார்க்கும் நைட் விஷன் கருவியை வாங்கிப் பார்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அதற்குள் லென்ஸ்.

மேலதிகாரிக்கு வாக்கி டாக்கியில் சொன்னோம். செக்யூரிட்டியோடு போய், "அண்ணே, கொஞ்சம் வெளியே வந்து பேசலாமா?" என்றேன். அவர் போனை நாங்கள் பிடுங்கவில்லை, பிடுங்கவும் கூடாது. போலீஸ் வரும்வரை பக்கத்தில் நின்றோம். "தம்பி, குடும்பம் இருக்கு, விட்டுடுங்கப்பா" என்று கையைப் பிடித்தார். என் அப்பா வயசு. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படத்தை உருவாக்கியவர்களுக்கும் குடும்பம் இருக்கிறதே.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
நல்ல விஷயம் ஆரம்பித்தீர்கள் தம்பி. நாங்கள் பினாங்குத் தீவுக்குப் பாலம் தாண்டிப் போய்ப் படம் பார்க்கிறவர்கள். டிக்கெட், பெட்ரோல், டோல், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என்று ஒரு படத்துக்கே நல்ல செலவு ஆகிவிடும். போன தடவை முன்வரிசைப் பையன் ஒருவன் போனை உயர்த்தி நேரலையே போட்டுக்கொண்டிருந்தான். திரையில் நடப்பதைவிட அவன் போனுக்கு வரும் இதயங்கள்தான் என் கண்ணுக்குத் தெரிந்தன.

எழுந்துபோய்க் குனிந்து, "தம்பி, போன இறக்குய்யா, பின்னால மறைக்குது" என்றேன். "ரெண்டே நிமிசம்க்கா, சண்டை சீன் மட்டும்" என்றான். அதற்குள் என் வீட்டுக்காரர் வெளியே போய்ப் பணியாளரைக் கூட்டி வந்துவிட்டார். சின்னப் பெண், இருபது வயசுகூட இருக்காது. தனியாக வந்து, டார்ச் வெளிச்சத்தைத் தரையில் அடித்து, பணிவாகச் சொன்னாள். பையனின் நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து அவளைப் பார்த்து, "நீ யாரு சொல்ல?" என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வரிசையிலிருந்த ஒரு பெரியவர் எழுந்து, "அவ வேலையத்தானே அவ செய்யிறா, போன உள்ள வை" என்று ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் அடங்கினார்கள். அவ்வளவு பெரிய ஹாலுக்கு அந்த ஒரு பெண்ணை மட்டும் அனுப்பியதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

பிறை பையன்:
ஒரு சந்தேகம் அண்ணே. டைட்டில் கார்டு மட்டும் ஸ்டோரியில் போட்டால்கூடத் தப்பா? எல்லோரும் போடுகிறார்களே.

செந்தூல்காரன்:
தப்புத்தான் தம்பி. 1987 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் 43ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். திரையிடும் இடத்தில் படத்தை முழுதாகவோ, ஒரு பகுதியையோ பதிவு செய்வது குற்றம். விற்றாயா, யாருக்காவது அனுப்பினாயா என்ற கேள்வியே அங்கே இல்லை. அபராதம் குறைந்தது 10,000 வெள்ளி (ரிங்கிட்), 1 லட்சம் வெள்ளி வரை போகலாம். சிறை 5 ஆண்டு வரை. ஸ்டோரி போட்ட பிள்ளைகளை நாங்கள் போலீஸில் கொடுத்ததில்லை, அழித்துவிடச் சொல்லி அனுப்புவோம். அது எங்கள் பழக்கம்தான், சட்டம் கொடுத்த சலுகை இல்லை.

பழைய ஆப்பரேட்டர், பினாங்கு:
நான் புரொஜெக்டர் அறையில் இருந்தவன். ஹாலுக்குள் யாரும் பிடிக்காவிட்டாலும் திருட்டுப் பிரதி எங்கே எடுத்தது என்பது தெரிந்துவிடும். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

ரீல் காலத்தில் பிரிண்டுக்குப் பிரிண்ட் வேறு அமைப்பில் சில புள்ளிகளைப் பதித்திருப்பார்கள். ஒரு கணம் வந்து மறையும். கூர்ந்து பார்ப்பவருக்கு எந்தப் பிரிண்ட் என்று புரியும். இப்போது படம் பூட்டிய கோப்பாக வருகிறது. அதைத் திறக்கும் சாவியைத் தனியாக அனுப்புவார்கள். குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நாட்களுக்குள் மட்டும்தான் அது வேலை செய்யும். அதோடு, ஓடும்போதே படத்திலும் ஒலியிலும் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத ஒரு குறி ஏறுகிறது. எந்தக் கருவி, எந்த நேரம் என்ற தகவல் அதில் இருக்கும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி வரும். போனில் எடுத்து, சுருக்கி, இணையத்தில் ஏற்றினாலும் அதைப் படித்து எடுக்க முடியும்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்துக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது. இந்த ஹால், இந்தத் தேதி, இந்தக் காட்சி. அன்றைக்கு வேலையில் இருந்த எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்னிடம், "அறைக்குள் யாரையாவது விட்டாயா?" என்று கேட்டார்கள். கூட்டுகிற அம்மாவையும் விசாரிக்காமல் விடவில்லை, அவர் அழுதுகொண்டே வெளியே வந்தார். கடைசியில் கேமரா பதிவில் பார்த்தால், டிக்கெட் வாங்கி வந்த ஒருவர். அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், பெயர் கெட்டது எங்களுக்கு.

அதனால்தான் சொல்கிறேன், "பெரிய கம்பெனிக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் அந்த அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பசார் மாலாம் ரசிகன்:
2007 ஞாபகம் இருக்கிறதா? லக்கி, ஃப்ளோ என்று இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்களைக் கொண்டு வந்தார்கள். டிவிடி செய்யும் பிளாஸ்டிக்கின் வாசனையை மோப்பம் பிடிக்கும். ஜொகூரில் பெரிய குவியலையே காட்டிக்கொடுத்தன. அவற்றின் தலைக்குத் திருட்டு டிவிடி கும்பல் விலை வைத்ததாகக்கூடப் பத்திரிகையில் வந்தது. அப்புறம் வட்டே ஒழிந்துபோனது. இப்போது எந்த நாய் டெலிகிராம் லிங்கை மோப்பம் பிடிக்கும்? எடுக்கிற இடத்திலேயே தடுத்தால்தான் உண்டு.

ராவாங் தங்கச்சி:
நான் உள்ளூர்த் தமிழ்ப் படம் ஒன்றில் உடைப் பிரிவில் வேலை செய்தேன். இந்தியப் படங்களைப் போல நமக்கு நூற்றுக்கணக்கான திரைகள் கிடைக்காது. முதல் வாரம் கூட்டம் வந்தால்தான் இரண்டாவது வாரம் ஹால் கொடுப்பார்கள். இயக்குநர் காரை விற்றார், சம்பளம் பாக்கி என்று யாரும் வாய் திறக்கவில்லை.

படம் வந்த மறுநாளே எங்கள் குடும்ப வாட்சாப் குழுவில் கிளைமாக்ஸ் வந்தது. முழுதாக. கீழே "நம்ம பிள்ளைங்க படம், எல்லாரும் சப்போர்ட் பண்ணுங்க" என்று கைகூப்பிய படம். அனுப்பியவர் என் மாமா. ஆசையாகத்தான் அனுப்பியிருக்கிறார். தொலைபேசியில் கூப்பிட்டு, "மாமா, முடிவு தெரிஞ்சா யாரு மாமா டிக்கெட் வாங்குவா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் எடுக்கலம்மா, வேற குரூப்ல வந்துச்சு" என்றார். உடனே அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் எத்தனை கைகளுக்குப் போனதோ. அடுத்த வாரம் எங்களுக்கு மதியக் காட்சி மட்டும்தான் கிடைத்தது. வேலைக்குப் போகிறவர்கள் மதியம் எப்படி வருவார்கள்?

அது ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கிளிப்பைப் பார்த்துவிட்டேன், அதனால் வரவில்லை என்று என்னிடமே சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

பசார் மாலாம் ரசிகன்:
தங்கச்சி, படித்ததும் நெஞ்சு கனத்தது. இந்தியாவிலும் 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். குறைந்தது 3 மாதச் சிறை, 3 ஆண்டு வரை போகலாம். அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை. அடுத்த ஆண்டே திருவனந்தபுரத்தில் ஒரு தியேட்டரில் 'ராயன்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள்.

பிறை பையன்:
என் பழைய ஸ்டோரி ஹைலைட்டில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன் அண்ணே. இனி பக்கத்தில் யாராவது எடுப்பதைப் பார்த்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

செந்தூல்காரன்:
நீங்களாகச் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் போனையும் தொடாதீர்கள். ஆதாரத்துக்கு என்று நீங்களும் போனைத் தூக்காதீர்கள், திரையும் சேர்ந்து பதிவாகிவிடும். வரிசை எழுத்து, நாற்காலி எண், அப்போது திரையில் ஓடும் காட்சி, இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு வெளியே வாசலில் நிற்பவரிடம் சொல்லுங்கள். டிக்கெட் விற்ற பதிவில் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அக்கா சொன்ன மாதிரி, பணியாளரிடம் யாராவது குரலை உயர்த்தினால் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.