சினை நண்டைப் படம் பார்த்துப் பிரிக்கும் செயலி: எந்த மொழி, எங்கே படிப்பது?

மண்டபம்_கணக்கு:

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். வல்லம் (நாட்டுப்படகு) கரை சேர்ந்ததும் நீலக்கால் நண்டை ஆண், பெண், சினை (முட்டை சுமக்கும் பெண்) என்று கையால்தான் பிரிக்கிறார்கள். கடலில் திரும்ப விடவேண்டிய சினை நண்டு ஐஸ் பெட்டிக்குள் போய்விடாமல் இருக்க, வயிற்றுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்தால் அந்த இடத்திலேயே சொல்கிற மாதிரி ஒன்று செய்யணும். படகுத்துறையில் சிக்னல் நிலையில்லை, அதனால் நெட் இல்லாமல் ஓடணும்.

டிப்ளமோவில் படித்த சி மட்டும் தெரியும். லேப்டாப் 4 ஜிபி ராம், கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, நெட் என்றால் போன் ஹாட்ஸ்பாட். பைத்தான், ஆர், ஜூலியா, சி++ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது? கணக்குப் பாடத்தை முழுசா முடித்துவிட்டுத்தான் தொடங்கணுமா?

தொண்டி_தரவு:

பைத்தான் எடுங்க தம்பி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. மெஷின் லேர்னிங் நூலகங்களான (ஆயத்த நிரல் தொகுப்புகள்) டென்சர்ஃப்ளோ, பைடார்ச், சைகிட்-லேர்ன் மூன்றுமே பைத்தான் வழியாகத்தான் புழங்குகின்றன. உள்ளே கனமான கணக்கைப் போடுவது சி++. அதை நீங்கள் தொடவே வேண்டாம். ஜூலியா நல்ல மொழிதான், ஆனால் எங்காவது முட்டி நின்றால் பதில் சொல்ல ஆள் குறைவு.

சி பழகிய கை பைத்தானில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒரு பட்டியலை இன்னொரு பெயருக்குச் சமன் செய்தால் நகல் உருவாகாது, இரண்டு பெயரும் ஒரே பட்டியலைத்தான் காட்டும்; ஒன்றைத் திருத்தினால் மற்றதும் மாறும். அடுத்தது, புள்ளி புள்ளியாக (பிக்சல்) ஃபார் லூப் போட்டுப் படத்தை மாற்றுவது. சி-யில் கண் இமைப்பதற்குள் முடியும், பைத்தானில் அது நொண்டும். நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகத்தில் முழு அணியையும் ஒரே வரியில் வகுக்கப் பழகுங்க.

நிறுவும்போது புத்தம்புதிய பைத்தான் பதிப்பைப் போடாதீங்க. அதற்கான நூலகங்கள் பின்னால்தான் வரும், பிழைச்செய்தி பக்கம் பக்கமாக ஓடும். ஒரு பதிப்பு பின்னால் நின்றால் போதும். லினக்ஸ் என்றால் பைடார்ச்சைச் சும்மா பிப் (pip) என்ற நிறுவும் கட்டளை வழியாகப் போட்டால், கிராஃபிக்ஸ் கார்டுக்கான கூடா (CUDA) கோப்புகளும் சேர்ந்து சில ஜிபி இறங்கும். அன்றைய டேட்டா காலி. அவர்கள் தளத்தில் சிபியு என்பதைத் தேர்ந்தெடுத்து, அங்கே காட்டும் கட்டளையைப் போடுங்க.

படிக்க: காகிள் லேர்ன் (Kaggle Learn) தளத்தில் பைத்தான், பாண்டாஸ் (அட்டவணைத் தரவுக்கான நூலகம்), அறிமுக மெஷின் லேர்னிங் மூன்றும் இலவசம். வீடியோ இல்லை, எழுத்தும் பயிற்சியும்தான், ஹாட்ஸ்பாட் தாங்கும். அதன்பின் ஃபாஸ்ட் டாட் ஏஐ (fast.ai) தளத்தின் முதல் இரண்டு பாடம். முதல் பாடத்திலேயே படங்களை வகைப்படுத்த வைத்துவிடுவார் ஜெரமி ஹோவர்ட். ஆண்ட்ரூ இங்கின் (Andrew Ng) மெஷின் லேர்னிங் பாடத்தை எடுத்தால் 2022-ல் வந்த புதிய வடிவத்தைப் பாருங்க. 2011-ல் தொடங்கிய பழையதில் பயிற்சியெல்லாம் ஆக்டேவ் மொழியில் இருக்கும், உங்களுக்குப் பயன்படாது. ஏன் எதற்கு என்று ஆழமாகப் போக என்பிடெல் (NPTEL) இணையப் பாடங்களில் சென்னை ஐஐடி பேராசிரியர்கள் பாலராமன் ரவீந்திரன், மிதேஷ் கப்ரா இருவரின் பாடங்களும் உண்டு. அதை இப்போதே திறந்தால் நண்டு வேலை நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

கணக்கு: அணிப் பெருக்கல், நிகழ்தகவு, சரிவு (gradient) என்றால் என்ன. இப்போதைக்கு இவ்வளவுதான். அணிப் பெருக்கலுக்கு யூடியூபில் கிராண்ட் சாண்டர்சனின் (3Blue1Brown) நேரியல் இயற்கணிதக் காணொளிகள் போதும்.

கீழக்கரை_நெட்:

அண்ணன் மொழியை முடிச்சுட்டாரு, நான் படத்துக்கு வர்றேன். வேலை கெடுறதும் அங்கதான்.

நண்டை மல்லாத்தி வச்சு எடுங்க. ஆணுக்கு வயிற்று மடல் ஒடுங்கி நிக்கும், முத்துன பெண்ணுக்கு அகலமா வட்டமா இருக்கும். குட்டிப் பெண்ணுக்கு முக்கோணமா இருக்கும். அதைச் சேர்க்காம விட்டா மாடல் அதையெல்லாம் ஆண்னு தள்ளிரும். சினையிலயும் ஆரஞ்சு நிறத்தை மட்டும் எடுத்துட்டு வந்துராதீங்க. முட்டை முத்த முத்தக் கருத்து, சாம்பல் நிறமாகும். கடல்ல விட்டா சீக்கிரம் பொரிக்கப் போறது அந்தக் கருப்புச் சினைதான், அதைக் கோட்டைவிட்டா இந்த வேலைக்கே அர்த்தமில்ல. வகைக்கு 300 படம், ஆக மொத்தம் 900 வச்சு ஆரம்பிக்கலாம். சினையில பாதிக்குப் பாதி கருப்பா இருக்கட்டும்.

சினை நண்டை மட்டும் நீலக் கூடையில வச்சு எடுத்தா, மாடல் கூடையைத்தான் படிக்கும். மூணு வகையையும் ஒரே மாதிரி தட்டு, மணல், வலை எல்லாத்து மேலயும் மாத்தி மாத்தி வைங்க. டியூப்லைட், டார்ச், விடிஞ்ச வெளிச்சம் மூணுலயும் எடுங்க. ஈர ஓடு டார்ச்சுக்குப் பளபளன்னு அடிச்சு மடலை மறைக்கும், லைட்டைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க.

900 படத்தையும் முழு அளவுல ராமுக்குள்ள ஏத்திராதீங்க. 12 மெகாபிக்சல் படம் விரிஞ்சா ஒண்ணு 36 எம்பி, 900 படம் 32 ஜிபி தாண்டும், லேப்டாப் உறைஞ்சு போயிரும். 224-க்கு 224-ஆச் சுருக்கினா ஒண்ணு 150 கேபி, மொத்தம் 135 எம்பிதான். போனை எப்படிப் பிடிச்சு எடுத்தோம்னு படக் கோப்புல ஒட்டியிருக்கிற குறிப்புதான் எக்ஸிஃப் (EXIF) திருப்பம், சுருக்குறதுக்கு முன்னாடி அதைச் சரி பண்ணிருங்க.

முதல் தடவையே முழு வலையமைப்பையும் பயிற்ற வேணாம். ஏற்கெனவே படங்கள்ல பயிற்றி வச்ச மொபைல்நெட் வி2-ங்கிற சின்ன வலையமைப்புல மேலடுக்கைக் கழட்டிட்டுச் சராசரி (pooling) எடுத்தா, படத்துக்கு 1280 எண் கிடைக்கும். 900 படத்துக்கும் எடுத்துக் கோப்பாச் சேமிச்சா 5 எம்பி கூட வராது. அதுமேல சைகிட்-லேர்ன்ல இருக்கிற லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (எண்களை வச்சு வகை சொல்ற எளிய முறை) போட்டா உங்க 4 ஜிபி மெஷினே சட்டுனு முடிச்சிரும். எண் எடுக்குற வேலையைக் கோலாப்ல (கூகுளோட இணையக் கணினி) வச்சுக்கலாம். ஆனா கூகுள் டிரைவ்ல இருந்து ஒவ்வொரு படமா வாசிக்க விடாதீங்க, ஆமை வேகம். ஜிப் பண்ணி கோலாப் வட்டுக்குள்ள கொண்டுபோய் விரிங்க. முடிவை டிரைவ்ல சேமிங்க, தொடர்பு அறுந்தா உள்ள இருக்கிறது எல்லாம் போச்சு.

நிறத்தை மாத்தி மாத்திப் படம் பெருக்குற வேலை வேணாம். சினைக்கு நிறம்தான் அடையாளமே. திருப்புறது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிறது சரி.

ராம்நாடு_புள்ளியியல்:

ஆர் மொழியை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். மீன்வள மதிப்பீட்டுக்காரர்கள் அதில்தான் அதிகம் புழங்குகிறார்கள். எந்த நீளத்தில் எத்தனை என்ற நீள-அலைவெண் தரவுக்கு டிராப்ஃபிஷ்ஆர் (TropFishR) என்றே ஒரு தொகுப்பு உண்டு. நாளைக்கு நண்டின் அகலத்தையும் பதிந்து வளர்ச்சி பார்க்க நினைத்தால் அப்போது எடுத்துக்கொள்ளலாம். படத்துக்குப் பைத்தான்தான்.

நான் சொல்ல வந்தது சோதனை பற்றி. 900 படத்தையும் குலுக்கி 80-க்கு 20 என்று பிரிக்காதீர்கள். ஒரே நண்டை நான்கு கோணத்தில் எடுத்திருப்பீர்கள். மூன்று பயிற்சிக்கும் ஒன்று சோதனைக்கும் போனால் மதிப்பெண் பிரமாதமாக வரும், மறுநாள் கரையில் உடைந்துவிடும். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதியும் வல்லத்தின் எண்ணும் இருக்கட்டும். சைகிட்-லேர்னில் குழு குழுவாகப் பிரிக்கும் குரூப் கே-ஃபோல்ட் (GroupKFold) என்பதற்குத் தேதியைக் குழுவாகக் கொடுத்தால், ஒரு நாளின் படங்கள் முழுதாக ஒரே பக்கம் நிற்கும்.

துல்லியம் என்ற ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். 100 நண்டில் 8 சினை என்று வையுங்கள். எதைக் காட்டினாலும் 'சினை இல்லை' என்று சொல்லும் மாடலுக்கும் 92 சதவீதம் கிடைத்துவிடும். உண்மையான சினையில் எத்தனையைப் பிடித்தது என்பதைத் தனியாகப் பாருங்கள். சினைக்கான நிகழ்தகவு 0.3 தாண்டினாலே எச்சரிக்கும்படி வைக்கலாம். வீண் எச்சரிக்கை கூடும். அதை ஒருவர் புரட்டிப் பார்த்துக் கழித்துவிடலாம். தப்பிய சினையை ஐஸ் பெட்டிக்குள் யாரும் தேடப் போவதில்லை.

இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு இறங்காது, நாட்டுப்படகு நண்டுதான் வரும். அந்த மாதங்களில் மட்டும் படம் சேர்த்து, மற்ற மாதங்களுக்கும் அது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம்.

மண்டபம்_கணக்கு:

மிக்க நன்றி அண்ணே, நீங்க எல்லோரும் சொன்னபடியே செய்தேன். லேப்டாப்பில் சரியாக வருகிறது. லாஜிஸ்டிக் ரிக்ரஷனைக் கேராஸ் (டென்சர்ஃப்ளோவில் வலையமைப்பு கட்டும் கருவி) அடுக்காக மாற்றி, போனில் ஓடும் டிஎஃப்லைட் (TFLite) கோப்பாக்கிப் போனில் போட்டால், ஒரே படத்துக்கு வேறு பதில். சினையைப் பெண் என்கிறது, பெண்ணைச் சினை என்கிறது. ஆண் மட்டும் சரி.

கீழக்கரை_நெட்:

அது மாடல் தப்பில்ல, பெயர் வரிசை. சைகிட்-லேர்ன் வகைப் பெயரை அகர வரிசையில அடுக்கும். நீங்க தமிழ்லயே பெயர் வச்சிருந்தா ஆண், சினை, பெண்னு நிக்கும். செயலியில நீங்க ஆண், பெண், சினைன்னு எழுதியிருப்பீங்க. மாடல்ல கிளாசஸ்னு (classes_) இருக்கிற பட்டியலை அச்சிட்டு அதையே அப்படியே ஒட்டுங்க.

தொண்டி_தரவு:

வரிசையைத் திருத்திய பிறகும் பதில் ஆடினால் மூன்று இடம் பாருங்க. கேராஸ் மொபைல்நெட் வி2-வுக்குப் புள்ளி மதிப்பு -1 முதல் 1 வரை போகணும். போனில் 0 முதல் 255 வரை அப்படியே கொடுத்தால் உளறும். 127.5-ஆல் வகுத்து 1 கழிங்க. சைகிட்-லேர்ன் எடைகள் (மாடல் கற்றுக்கொண்ட எண்கள்) 3-க்கு 1280 வடிவம், கேராஸ் டென்ஸ் அடுக்குக்கு 1280-க்கு 3 வேணும், புரட்டிப் போடணும். எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஸ்டாண்டர்ட் ஸ்கேலர் போட்டிருந்தால் அதையும் அடுக்குக்குள் சேர்க்கணும்.

எங்கே பிசகுகிறது என்று தெரியாவிட்டால் ஒரே படத்தை இரண்டிலும் கொடுத்து, மாடலுக்குள் போகும் முதல் பத்து எண்ணை அச்சிடுங்க. அதிலேயே வித்தியாசம் என்றால் படம் தயாரிப்பில் கோளாறு, ஒன்றாக இருந்தால் மாற்றத்தில் கோளாறு. எடைகளை 8 பிட் எண்ணாக்கிக் கோப்பைச் சிறிதாக்கும் சுருக்கத்தைக் கடைசியில் வைங்க. மேலடுக்கு இல்லாமல் சுமார் 22 லட்சம் எடைகள்தான், சுருக்காமலே 9 எம்பி. இப்போதைய போனுக்கு அது பாரமே இல்லை. தேடும்போது லைட்ஆர்டி (LiteRT) என்ற பெயரிலும் தேடுங்க, 2024-ல் டிஎஃப்லைட் பெயரை அப்படி மாற்றிவிட்டார்கள்.